மதில் ஓரத்து எக்சோரா பட்டுப்போகிறது. குடிபூரலுக்கு முன் வேறு எதை வைக்கலாம்?

புதுவீடு:
வணக்கம். மூன்று மாதங்களுக்கு முன் மட்டக்களப்பில் எங்கள் வீட்டு முன்மதில் ஓரமாகப் பன்னிரண்டு எக்சோரா (வெட்சி) கன்றுகள் வைத்தேன். இலைகள் கெட்டுக்கொண்டே போகின்றன. நான்கு கன்றுகள் முற்றாகப் பட்டுவிட்டன. ஆவணியில் குடிபூரல், புதுவீட்டுக்குக் குடிபோகிறோம். அதற்குள் முகப்புப் பசுமையாகத் தெரிய வேண்டும். இவற்றைப் பிடுங்கிவிட்டு எதை வைக்கலாம் என்று விரைவாகச் சொல்லுங்கள்.

வாவிக்கரை:
வளவு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலா, மேற்கே படுவான்கரையிலா? கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் துண்டில் நிற்கும் செடிக்குச் சொல்வதை வெல்லாவெளி வயல் மண்ணில் நிற்பதற்குச் சொல்ல முடியாது. ஊற்றுவது கிணற்று நீரா, குழாய் நீரா? இலை கெடுகிறது என்றால் ஓரம் கருகுகிறதா, நடுவில் மஞ்சளாகிறதா?

வேம்பன்:
கேள்விகளே தேவையில்லை. இலையின் அடியில் வெண்பஞ்சு போன்ற பூச்சி இருக்கும், எறும்பும் ஏறும். சிறிது சவர்க்காரம் கரைத்த நீரில் வேப்பெண்ணெய் கலந்து மாலையில் தெளியுங்கள். எங்கள் வீட்டில் எல்லாச் செடிக்கும் இதுவே மருந்து.

தோட்டக்கிழவன்:
ஆடி மாதம் பிறந்தால் இந்தக் கேள்வியும் பிறந்துவிடுகிறது. கச்சான் வீசுகிற காலத்தில், மேலைக்காற்று நெருப்பாய் அடிக்க, கன்று வைத்து உடனே பசுமை கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஐப்பசி மழை வரும்வரை பொறுங்கள். அறுபது வருடமாக மண்ணைத் தொட்டவன் சொல்கிறேன்.

மணல்வளவு:
ஐயா, அவர் குடிபூரலை ஐப்பசிக்குத் தள்ள மாட்டார். காத்தான்குடியில் எங்கள் வளவும் மணல்தான். சவர் நீரையும் கடற்காற்றையும் தாங்கி, ஆடு மாடும் வாய் வைக்காமல், ஆண்டு முழுவதும் பூக்கிற செடி அலரி. வரிசையாக வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

கறிவேப்பிலை:
மணல்வளவு நானா, மன்னிக்க வேண்டும். அலரியின் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அவர் வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்காமல் அதை எப்படிச் சொல்கிறீர்கள்?

மணல்வளவு:
தங்கச்சி, நீங்கள் நினைப்பது மஞ்சள் அலரி. அதன் விதைதான் பெயர்போன நஞ்சு. நான் சொன்னது செவ்வலரி.

கறிவேப்பிலை:
இரண்டும் வேறு செடிகள்தான், ஆனால் நஞ்சின் வகை ஒன்றே. பச்சை இலையின் கசப்பால் ஆடு ஒதுங்கும் என்பது உண்மை. வெட்டிப் போட்ட கிளை காய்ந்தபின் அந்த எச்சரிக்கை குறைகிறது, நஞ்சு குறைவதில்லை. மறந்துவிடலாம் என்ற உங்கள் சொல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வேம்பன்:
பட்டிப்பூ (நித்தியகல்யாணி) வைக்கலாமே. அதையும் ஆடு தொடாது.

கறிவேப்பிலை:
அதுவும் பிள்ளையின் வாய்க்குள் போகக் கூடாத செடிதான். ஆனால் முழங்கால் உயரத்தில் வைத்து வெட்டிப் பராமரிக்கலாம், மணலிலும் நன்றாக வரும்.

புதுவீடு:
மன்னிக்கவும், இவற்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. நாவலடிப் பக்கம், கடலிலிருந்து ஏறக்குறைய இருநூறு யார். கிணற்று நீர், இலேசாகச் சவர். மதில் மேற்கைப் பார்த்தது. இளம் இலைகள் மஞ்சளாகின்றன, ஆனால் நரம்பு பச்சையாகவே இருக்கிறது. பூச்சி இல்லை. நான்கு வயதில் ஒரு மகன் இருக்கிறான், அலரி வேண்டாம். வாசலுக்கு அருகிலுள்ள இரண்டு எக்சோராக்கள் மட்டும் நன்றாக நிற்கின்றன, ஏன் என்று தெரியவில்லை.

வாவிக்கரை:
தம்பி, அந்தக் கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். உப்புத்தான் காரணம் என்றால் இலையின் நுனியும் ஓரமும் கருகும். அதே நீர் குடிக்கும் அந்த இரண்டு கன்றுகளும் தப்பியிரா. நரம்பு பச்சையாக நிற்க, நடுப்பகுதி இளம் இலையில் மஞ்சளாவது இரும்புச்சத்து ஏறவில்லை என்பதன் அடையாளம். எக்சோரா புளிப்பு மண்ணை விரும்புவது. மண்ணில் சுண்ணாம்பு மிகுந்தால், இரும்பு அங்கேயே இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. மதிலடி மண்ணில் ஒரு பிடி எடுத்து வினாகிரி ஊற்றிப் பாருங்கள், நுரைக்கிறதா என்று.

தோட்டக்கிழவன்:
நாவலடி மணலில் சிப்பித் துண்டு இருந்தால் எங்கும் நுரைக்கும், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. வாசலடி மண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். பாதிச் சோதனை செய்வதைவிடச் செய்யாமலிருக்கலாம்.

வாவிக்கரை:
இதற்கு நன்றி, ஐயா. இரண்டையும் பாருங்கள், தம்பி.

புதுவீடு:
மதிலடி மண் பொங்கி வழிந்தது. வாசல் மண் சற்றே நுரைத்தது. ஒரு சாண் தோண்டியபோது பாளம் பாளமாகச் சாம்பல்நிறக் கட்டிகள் வந்தன. மேசன்மார் சாந்து குழைத்த இடம் அதுதான் என்று மனைவி சொல்கிறார்.

வாவிக்கரை:
வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு மிகுந்த சீமெந்து இறுகியிருக்கும்போது வேப்பெண்ணெய் என்ன செய்யும்? ஒன்றரை அடி ஆழத்திற்கு அந்தக் கட்டிகளை அகற்றிவிட்டு, நல்ல மண்ணும் உக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்புங்கள். மாலை வெயிலில் சூடேறும் மதிலுக்குக் கடதாசிப்பூ (போகன்வில்லா) பொருந்தும். ஓரளவு சவரையும் தாங்கும், நீர் குறைந்தால்தான் நன்றாகப் பூக்கும். முள் உண்டு என்பதால் மகன் ஓடும் பாதையைவிட்டுத் தள்ளி வையுங்கள். நடும்போது பொலித்தீன் பையைக் கிழித்து எடுங்கள், கன்றைத் தண்டில் பிடித்து இழுக்காதீர்கள். வேரோடு ஒட்டிய மண் உடைந்தால் அது எளிதில் பிழைக்காது. மீந்த எக்சோராக்களை இப்போதே வேறிடத்தில் நடாமல், சாடிகளில் ஏற்றி நிழலில் வைத்து, மழை தொடங்கியதும் வாசல் பக்கம் நடலாம்.

வேம்பன்:
ஆனாலும் வேப்பெண்ணெய் தெளிப்பதில் தவறில்லை.

புதுவீடு:
இரண்டு மூட்டைக் கட்டி எடுத்தாயிற்று. கடதாசிப்பூ ஐந்து, பட்டிப்பூ ஒரு பெட்டி வாங்கினேன். ஒரு கன்றை அவசரத்தில் இழுத்துவிட்டேன், வாடி நிற்கிறது. மற்றவை பரவாயில்லை. நன்றி.