பிள்ளை காலேஜ் டீம்ல விளையாடப் போகுதா? ஏஜென்ட் நீட்டுற பேப்பர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இதப் படிங்க

அமெரிக்காவுக்குப் புதுசா வந்து பிள்ளைங்கள டென்னிஸ், நீச்சல், ட்ராக்னு சேர்த்துவிட்டு காலேஜ் ஸ்காலர்ஷிப் கனவுல இருக்கிற அப்பா அம்மாங்களுக்காக எழுதுறேன். எங்க பொண்ணுக்கு காலேஜ் டீம்ல இடம் உறுதியான அதே வாரம் ஒரு ஸ்போர்ட்ஸ் ஏஜென்ட் இன்ஸ்டாகிராம்ல மெசேஜ் பண்ணாரு, அடுத்த டோர்னமென்ட்ல கோர்ட் வேலி ஓரமா வந்து நின்னு ரெண்டு டென்னிஸ் ராக்கெட்டும் ஒரு ஜோடி ஷூவும் நீட்டி, சும்மா கிஃப்ட்தான், கான்ட்ராக்ட் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னாரு. ஆசையா குடுக்குறத எப்படி வேணாம்னு சொல்றதுன்னு என் மனைவிக்கு ஒரே சங்கடம். நல்லவேளை அன்னிக்கு வாங்கல.

ஏன்னா 2004-லயே ஸ்பார்ட்டான்னு ஒரு ஃபெடரல் சட்டம் வந்திருக்கு. கையெழுத்து வாங்குறதுக்காக பிள்ளைக்கோ குடும்பத்துக்கோ ஏஜென்ட் எதையும் குடுக்கக் கூடாது, கடனாக்கூட குடுக்கக் கூடாது, கான்ட்ராக்ட்ல முன்தேதி பின்தேதி போடக் கூடாது. கையெழுத்து போட்டா 72 மணி நேரத்துக்குள்ள, அதுக்கு முன்னாடியே மேட்ச் இருந்தா மேட்ச்சுக்கு முன்னாடி, ஏஜென்ட்டும் பிள்ளையும் காலேஜ் அத்லெடிக் டைரக்டர்கிட்ட சொல்லியாகணும். இந்த எச்சரிக்கை கான்ட்ராக்ட்ல கையெழுத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும், அது இல்லாத பேப்பரத் தொடவே தொடாதீங்க. வாயால சரின்னு சொன்னாக்கூட விளையாடுற தகுதி போகலாம்னு அந்த எச்சரிக்கையிலயே இருக்கு, அதனால போன்ல பேசும்போதும் மரியாதைக்குக்கூட ஓகே சொல்லாதீங்க.

இதுக்கு மேல பெரும்பாலான மாநிலங்கள்ல தனிச் சட்டமும் இருக்கு, ஏஜென்ட் அங்க பதிவு பண்ணியிருக்கணும், பண்ணலன்னா கான்ட்ராக்ட் செல்லாது. போட்ட கையெழுத்த 14 நாளுக்குள்ள ரத்து பண்ணலாம், ஆனா ரத்து பண்ணதால போன தகுதி திரும்பக் கிடைக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. ஏஜென்ட் பேர மாநில அரசு சைட்ல தேடிப் பாருங்க, டெக்சஸ்னா செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீஸ்ல பதிவு இருக்கும்.

2021 ஜூலைல இருந்து என்ஐஎல் வந்துடுச்சே, அதாவது பிள்ளை பேரையும் படத்தையும் வச்சு விளம்பரப் பணம் வாங்கலாமே, இனி என்ன பயம்னு கேக்குறாங்க. அதுக்கு ஏஜென்ட் வச்சுக்கலாம், சரிதான். ஆனா ப்ரோ ஆட்டத்துக்கும், அதாவது தொழிலா விளையாடுறதுக்கும் சேர்த்து கான்ட்ராக்ட் போட்டா காலேஜ் தகுதிக்கு இன்னும் ஆபத்துதான். கமிஷனும் பாருங்க, அமெரிக்கன் ஃபுட்பால் ப்ரோ லீக்கான என்எஃப்எல்-ல ஏஜென்ட்டுக்கு உச்சவரம்பு 3 சதவீதம், என்ஐஎல்-க்கு நாடு முழுக்க அப்படி ஒரு வரம்பு கிடையாது. ஃப்ளோரிடா யுனிவர்சிட்டில ஃபுட்பால் விளையாடின ஜெர்வான் டெக்ஸ்டர் 2022-ல ஒரு முதலீட்டு கம்பெனிகிட்ட 4,36,485 டாலர் வாங்கிட்டு, பின்னாடி 25 வருஷத்துக்கு என்எஃப்எல் வருமானத்துல 15 சதவீதம் தர்றேன்னு கையெழுத்து போட்டுட்டாரு, வரி புடிக்கிறதுக்கு முந்தின கணக்குல. அடுத்த வருஷமே அத ரத்து பண்ணச் சொல்லி கோர்ட்டுக்குப் போக வேண்டியதாச்சு.

நம்மாளுங்க ரொம்பக் கவனிக்க வேண்டியது விசா. அப்பா அம்மாவோட ஹெச்-1பி வேலை விசாவ ஒட்டி வர்ற ஹெச்-4-ல இருக்கிற பிள்ளைங்களுக்கு வேலை செய்ய அனுமதியே இல்ல, மாணவர் விசாவான எஃப்-1-லயும் கடுமையான கட்டுப்பாடு. விளம்பரத்துக்கு போஸ் குடுத்துப் பணம் வாங்குனா அது வேலைன்னு எடுத்துக்கிட்டு ஸ்டேட்டஸே கேள்விக்குறியாகலாம். கென்டக்கி யுனிவர்சிட்டில எஃப்-1-ல இருந்த பாஸ்கெட்பால் ஆட்டக்காரர் ஆஸ்கர் ஷீப்வே 2022-ல டீம் பஹாமாஸ் போனப்போ அமெரிக்காவுக்கு வெளிய வச்சுதான் என்ஐஎல் விளம்பர வேலையெல்லாம் முடிச்சாரு, அவ்ளோ யோசிக்க வேண்டியிருக்கு. எங்க பொண்ணும் ஹெச்-4தான், ஆனா எங்ககிட்ட வந்தவரு விசா என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல.

யாராவது அணுகினா அன்னிக்கே காலேஜ்ல விளையாட்டு விதிகளப் பாத்துக்குற கம்ப்ளையன்ஸ் ஆபீஸுக்கு மெயில் போடுங்க, இமிக்ரேஷன் வக்கீல்கிட்டயும் பேசிடுங்க. இன்னிக்கே கையெழுத்து வேணும்னு அவசரப்படுத்தினா பேப்பர வாங்கி வச்சுட்டு ஆள அனுப்பிடுங்க. அதுல ஏதாவது வரி புரியலன்னா பேர் எல்லாம் மறைச்சு இங்க போடுங்க, சேர்ந்து படிச்சுப் பாப்போம்.