தொகை இடுக்கும் மரபுக்குறுக்கமும்: இரு சொற்கள் தேவை

அன்புள்ள நண்பர்களுக்கு, காரைக்குடியிலிருந்து வணக்கம்.

அழிவின் விளிம்புவரை போய் மீண்ட இரைகொல்லிப் பறவைகளில், எண்ணிக்கை திரும்பிய பின்னும் மரபுப் பன்மை (ஓர் இனத்துக்குள் இருக்கும் மரபணு வேறுபாடுகள்) திரும்பாமல் போவதைக் குறிக்க 'குப்பிக்கழுத்து' (ஆங்கில bottleneck என்பதன் நேர்பெயர்ப்பு), 'மரபணு இடுக்கு' என்ற இரு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. முதற்சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் பாடத்தில் அதைச் சொன்னபோது, கானாடுகாத்தானிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "குப்பியைக் கவிழ்த்தால் மெதுவாகவாவது எல்லாம் வெளியே வந்துவிடுமே ஐயா, இதில் எது தொலைகிறது?" என்று கேட்டாள். மிக நியாயமான கேள்வி. குப்பியின் கழுத்து தாமதப்படுத்தும்; இழக்கச் செய்யாது.

'மரபணு இடுக்கு' இதைவிட நல்ல சொல்தான். ஆனால் அது நிகழ்ச்சியையும் விளைவையும் ஒன்றாக்கிவிடுகிறது. எண்ணிக்கை திடீரெனச் சுருங்குவது ஒன்று. அதனால் மாற்றுருக்கள், அதாவது ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள், மறைவது வேறொன்று. முன்னது நடந்தால் பின்னதும் அதே அளவுக்கு நடந்தே தீரும் என்பதில்லை. ஒரு தலைமுறையில் மரபுப் பன்மை குறையும் பங்கு, இனம்பெருக்கும் பறவைகளின் எண்ணிக்கையை இரட்டித்து, அதனால் ஒன்றை வகுத்தால் கிடைப்பதற்கு ஏறத்தாழச் சமம். பத்துப் பறவைகள் எஞ்சினால் 5 விழுக்காடு குறையும். ஒரே ஓர் இணை எஞ்சினால் 25 விழுக்காடு. அரிய மாற்றுருக்கள் இதைவிட விரைவாக மறையும் என்றாலும், இழப்பின் அளவைத் தீர்மானிப்பது எத்தனை பறவைகள் எஞ்சின என்பது மட்டுமன்று, அந்த நிலை எத்தனை தலைமுறை நீடித்தது என்பதும்தான்.

மொரீஷியஸ் வல்லூறு 1974இல் காட்டில் நான்கே பறவைகளாகச் சுருங்கி, பிறகு காப்பிட இனப்பெருக்கத்தால் (மனிதப் பராமரிப்பில் வளர்த்துப் பெருக்குவதால்) சில நூறாகப் பெருகியது. அருங்காட்சியகங்களில் இருந்த பழைய தோல்களின் டிஎன்ஏவை இன்றைய பறவைகளுடையதோடு ஒப்பிட்டபோது, பன்மையில் பாதிக்கு மேல் போய்விட்டது தெரிந்தது. ஐரோப்பாவின் வெண்வால் கடற்கழுகும் வேட்டையாலும் டிடிடி பூச்சிக்கொல்லியாலும் பெரிதும் குறைந்த இனமே. ஆயினும் அதன் தலைமுறை இடைவெளி நீண்டது என்பதாலும், ஆங்காங்கே எஞ்சிய கூட்டங்கள் உரிய காலத்தில் காக்கப்பட்டதாலும், அதன் பன்மை பெருமளவு தப்பியது. இரண்டுக்கும் ஒரே சொல்லை இட்டால் இந்த வேறுபாட்டை எழுதவே வழியில்லை.

எனவே நிகழ்ச்சிக்குத் 'தொகை இடுக்கு' என்றும், விளைவுக்கு 'மரபுக்குறுக்கம்' என்றும் முன்மொழிகிறேன். குறுக்கம் நம் இலக்கணத்தில் ஏற்கெனவே கலைச்சொல். 'பறவை' என்ற சொல்லின் இறுதியில் நிற்கும் ஐகாரம் இரண்டு மாத்திரையிலிருந்து ஒன்றாகக் குறைந்து ஒலிக்கிறது. எழுத்தின் வடிவம் மாறுவதில்லை, அளவு மட்டும் குறைகிறது. மீண்டு வந்த வல்லூறும் பார்வைக்கு முன்னிருந்த வல்லூறேதான், குறைந்திருப்பது உள்ளே. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் ஐகாரக்குறுக்கத்தைப் பள்ளியிலேயே படித்துவிடுவதால், அந்தப் பயிற்சி இங்கே நேரடியாகக் கைகொடுக்கும்.

'மரபணுக்குறுக்கம்' என்று நீட்ட வேண்டாம். மரபணுவே நீளம் குறைந்துவிட்டதாகப் பொருள்படும். 'குறுக்கு' என்பது கலப்பினத்தை நினைவூட்டாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். குறுக்குக் கலப்பு என்ற தொடர் வழக்கில் இருப்பது உண்மைதான். எனினும் குறுக்கம் என்ற ஈறு குறைதலையே காட்டுவதால், தொடரில் வரும்போது மயக்கம் நேராது என்று கருதுகிறேன்.

இவ்விரு சொற்களும் நமக்கு உடனடியாகத் தேவைப்படுவது பாறு கழுகுகளைப் பற்றி எழுதத்தான். மாடுகளுக்குச் செலுத்தப்பட்டு, அவற்றின் இறந்த உடலைத் தின்றபோது பாறுகளுக்கு நஞ்சான டைக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கி மருந்தால், 1990களின் தொடக்கத்திலிருந்து 2007க்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. கால்நடை மருத்துவத்தில் அம்மருந்துக்கு 2006இல் தடை வந்தது. ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் இப்பறவை மெல்லத்தான் மீளும். நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருப்பவற்றைப் பற்றி, "தொகை இடுக்கு நிகழ்ந்துள்ளது, மரபுக்குறுக்கம் எவ்வளவு என்பது அளந்து அறிய வேண்டியது" என்று எழுதுவதே சரியாக இருக்கும். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், எண்ணிக்கை உயர்ந்ததுமே வேலை முடிந்தது என்று படிப்பவர் எண்ணிவிடுவார்.

மறுப்புள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு, அதை இட்டு எழுதிய முழு வாக்கியம் ஒன்றையும் சேர்த்து அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.