முன்பள்ளிச் சுவரும் ஆக்க மூலையும்: உங்கள் அனுபவம் என்ன?

சுன்னாகத்திலிருந்து ஓர் ஆசிரியை:

எங்கள் முன்பள்ளிக்கு வர்ணம் பூசித் தர முன்வந்தவர்கள், படம் கீறுபவர் ஒருவரையும் கையோடு கூட்டிவந்தார்கள். கார்ட்டூன் எலி, பனிமனிதன், அப்பிள் மரம் என்று நான்கு சுவரும் நிறைந்தன. பெற்றோருக்கு வாயெல்லாம் பல். எனக்கோ, பிள்ளைகள் கீறியதை ஒட்ட ஒரு முழம் இடம்கூட மிஞ்சவில்லையே என்ற எரிச்சல்.

அதைவிட, கதை சொன்னால் பிள்ளைகளின் கண் என்னிடம் இல்லை, எனக்குப் பின்னால் நிற்கும் எலியிடம் இருந்தது. 2014இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 24 மழலையர் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். அலங்காரம் நிறைந்த அறையில் பாட நேரத்தின் 38.6 வீதம் கவனம் சிதறியது. வெறுஞ்சுவர் அறையில் 28.4 வீதம். அதைக் காட்டித்தான் கதை சொல்லும் பக்கத்துச் சுவரை மட்டும் வெள்ளையாக்க அனுமதி வாங்கினேன்.

எதிர்ச்சுவரில் மூன்றடி உயரத்தில் கயிறு கட்டி, உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளை மாட்டினோம். பெரியவர்கள் குனிந்துதான் பார்க்க வேண்டும், குனியட்டும். தன் படத்தைப் பிள்ளையே கொழுவும், பிள்ளையே கழற்றும். ஒரு பையன் தாள் முழுக்கக் கறுப்புச் சோக்கால் தேய்த்து வைத்திருந்தான். என்னவென்று கேட்டேன். "அப்பப்பாவின் இறைப்பு மிசின். புகைக்குள்ளே நிற்கிறது" என்றான். அவன் சொன்னதை அப்படியே படத்தின் கீழ் எழுதினேன். மாலையில் அந்த அப்பப்பா வந்து வெகுநேரம் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலணையிலிருந்து ஓர் ஆசிரியை:

அக்கா, உங்கள் கயிறு எங்களிடம் நிற்காது. எங்களுடையது அரைச்சுவர்க் கட்டடம். சோளகக் காற்று தொடங்கினால் தாள்கள் வீதிக்குப் போய்விடும். பழைய பனையோலைப் பாயைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டி, பின்னலுக்குள் படங்களைச் செருகுகிறோம். கோதுமை மாப் பசையைக் கைவிட்டாயிற்று. இரவில் கரப்பானுக்கு அது விருந்து.

பிள்ளைகள் கைவேலை செய்யும் ஆக்க மூலைக்குக் காசு கொடுத்து எதுவும் வாங்குவதில்லை. ஊமல் (காய்ந்த பனங்கொட்டை ஓடு), பன்னாடை (மட்டையடியில் இருக்கும் வலைபோன்ற நார்), சிப்பி, தென்னம்பாளை எல்லாம் தனித்தனிச் சுளகுகளில் இருக்கும். கலந்து வைத்தால் கொட்டிவிட்டு எழுந்துபோகிறார்கள். பிரித்து வைத்தால் இருந்து அடுக்குகிறார்கள். பன்னாடையை வர்ணத்தில் தோய்த்து ஒற்றினால் வலைபோல அச்சு விழும், தூரிகையைவிட அதற்குத்தான் அடிபாடு. அழகாக இருக்கிறதென்று குன்றிமணியை மட்டும் வைத்துவிடாதீர்கள், கடித்து மென்றால் கடும் நஞ்சு. சின்னச் சோகிகளும் (சோழிகளும்) மூன்று வயதுக்குக் குறைந்தவர்களின் கைக்கு எட்டக் கூடாது, மூக்கினுள் போகும்.

கொக்குவிலிலிருந்து ஒரு தாய்:

ஆசிரியைகள் கோபிக்க வேண்டாம், முன்பள்ளிக் கண்காட்சியைப் பற்றியும் பேசுவோம். போன முறை ரெஜிபோம் என்ற வெள்ளை நுரை அட்டையில் நல்லூர்க் கோபுரம் செய்தேன். விடிய விடிய வெட்டி ஒட்டியது நான். கீழே எழுதியிருந்தது நான்கு வயது மகளின் பெயர். பாராட்டும் கிடைத்தது. "தொடாதே, உடைந்துவிடும்" என்று அவளை எத்தனை தரம் அதட்டியிருப்பேன்! பக்கத்து மேசையில் ஒரு தந்தை மின்குமிழ் எரியும் வெளிச்சவீடு கொண்டுவந்திருந்தார். அது அவருடைய மகனுக்கு என்னவென்றே தெரியாது. "வீட்டில் செய்து அனுப்புங்கள்" என்று துண்டு வந்தால் நாங்கள் வேறென்ன செய்வது?

சுன்னாகம் ஆசிரியை:

தங்கச்சி, அந்தத் துண்டை அனுப்புவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். இப்போது கண்காட்சியன்று களிமண்ணும் தண்ணீரும் மேசையில் இருக்கும். பெற்றோர் பிள்ளையோடு இருந்து அங்கேயே பிசைய வேண்டும். வெள்ளை வேட்டியோடு வந்த சிலர் முகம் சுளித்தது உண்மை. ஏப்ரன் கொடுத்தோம். கோபுரம் இன்னும் அலுமாரிக்கு மேலே இருந்தால் இறக்கி மகளிடம் கொடுங்கள். உடைந்த துண்டுகளை எங்களுக்கு அனுப்பினால் ஈர்க்குக் குத்தி விளையாட உதவும்.