தங்கச்சிமடத்தில் நனைந்த 300 மூட்டை

உச்சிப்புளி சிமெண்ட் கடை:
போன ஐப்பசியில் நடந்தது, இன்னும் மனசை அரிக்கிறது. டைரக்ட் லோடு எப்படி என்று இங்கே கடை வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும்: பில் நம் பெயரில், லாரி ஆலையிலிருந்து நேராக சைட்டுக்கு. ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டு வேலைக்கு 300 மூட்டை, 15 டன். மதியம் வரவேண்டிய லாரி பாம்பன் பாலம் ஏறும்போதே இருட்டிவிட்டது. சைட்டுக்குப் போகும் பாதை முழுக்க மணல், பெரிய வண்டி உள்ளே போகாது. டிரைவர் ரோட்டோரமே இறக்கிவிட்டு, வாட்ச்மேனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். விடிகாலையில் மழை.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வாட்ச்மேன் பெரியவர் தன் குடிசைக் கூரை மேல் போட்டிருந்த தார்ப்பாயை உருவி மூட்டைகள் மேல் போர்த்தியிருந்தார். அது ஓர் ஓரத்தைத்தான் மூடியது. அவர் தொப்பலாக நனைந்து நின்றார். "கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். தப்பாங்கய்யா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

74 மூட்டை கல்லாகிப் போனது. டெலிவரி முடிந்ததற்குக் கையெழுத்து இருக்கிறது என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. முழுப்பணமும் நான்தான் கட்டினேன்.

கீழக்கரை கம்பிக் கடை:
எனக்கு நடந்தது வேறு மாதிரி. கம்பெனி தன் கம்பியை என் குடோனில் போட்டு வைத்திருந்தது, விற்க விற்க பில். முதல் போடாமல் சரக்கு கிடைக்கிறதே என்று ஒத்துக்கொண்டேன். வருடக் கடைசியில் ஸ்டாக் எண்ண ஓர் இளைஞர் வந்தார். 12 எம்எம் கம்பிக் கட்டின் மேல் கையை வைத்துத் தேய்த்தார். உள்ளங்கை முழுக்கச் செம்மண் நிறம். அதை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இது உங்க கவனக்குறைவு" என்றார். கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்றுக்கு நான் என்ன செய்ய? துரு யார் கணக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை. அந்தக் கையை மட்டும் மறக்க முடியவில்லை.

ராமநாதபுரம் ஹார்டுவேர்:
உச்சிப்புளி அண்ணே, கோபப்படாதீர்கள், தப்பு உங்கள் பக்கமும் இருக்கிறது. எனக்கும் தேவிபட்டினத்தில் ஒரு லோடு மாறிப் போய் இறங்கியது, அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். டைரக்ட் லோடு என்றால் யார் கையெழுத்து செல்லும் என்று ஆர்டரிலேயே பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தீவுக்குப் போகும் லாரி, பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் மண்டபம் ஊரில் நின்று உங்களுக்குப் போன் போட்ட பிறகுதான் பாலம் ஏற வேண்டும். சந்து என்றால் குட்டி யானையில் மாற்றி ஏற்றுங்கள், அந்த வாடகையை முதலிலேயே பேசிவிடுங்கள். இறக்கும்போது மூட்டையில் அச்சடித்த, பேக் செய்த வாரத்தையும் வருடத்தையும் போட்டோ எடுங்கள். 3 மாதம் தாண்டிய சிமெண்டைச் சோதிக்காமல் போடக்கூடாது.

கீழக்கரை காக்காவுக்கும் (அண்ணனுக்கும்) சொல்கிறேன். கம்பெனி சரக்கைத் தனி வரிசையில் வைத்துப் பெயிண்டால் குறி போடுங்கள். வந்த அன்றே இருவரும் எண்ணிக் கையெழுத்துப் போடுங்கள். எடையில் வாங்கி எண்ணிக்கையில் விற்றால் இடிக்கும்: 12 எம்எம், 12 மீட்டர் கம்பி ஒன்று 10.66 கிலோ என்பது கணக்கு, எடை மேடையில் அப்படியே வராது. விற்றால் பில், இல்லையேல் திருப்பு என்று அனுப்பிய சரக்குக்கு 6 மாதத்துக்குள் பில் போட்டாக வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். ஆகவே பழைய கம்பியைத் திருப்பி எடுக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. இன்சூரன்ஸையும் பாருங்கள். பிறர் சரக்கு என்று பாலிசியில் எழுதாவிட்டால் தீப்பிடித்தாலும் பணம் வராது.

தொண்டி டைல்ஸ்:
மண்டபத்தில் நிறுத்தச் சொல்வது சுலபம். லாரியைப் பிடிப்பது கம்பெனி, வாடகை கொடுப்பதும் கம்பெனி. டிரைவர் நம் பேச்சை ஏன் கேட்பார்? நான் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். இப்போது லோடு கிளம்பியதும் சைட்டுக்கு என் பையனையே அனுப்பிவிடுகிறேன்.

உச்சிப்புளி சிமெண்ட் கடை:
ராமநாதபுரம் தம்பி சொன்னது சரி. பெயர் எழுதிக் கொடுக்காதது என் தப்புதான், இப்போது கொடுக்கிறேன். ஆனால் நான் எழுத வந்தது அதற்காக இல்லை. அந்தப் பெரியவரை மறுநாளே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன், ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது பாம்பனில் ரோட்டோரம் உட்கார்ந்து வலை பின்னுகிறார். லோடு பார்க்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறார். கை தூக்கிக் கும்பிடுகிறார். இன்னும் வண்டியை நிறுத்தவில்லை நான்.