ஏரி, குளம், கண்மாய்: உங்கள் ஊர்த் தண்ணீரில் கண்டதைச் சொல்லுங்கள்

நொய்யல்கரை (கோவை)

லீவு வந்தால் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பி, பாதிப் பொழுதை மலைப்பாதை நெரிசலிலேயே கழித்துவிட்டு வருகிறோம். டவுன் பஸ்ஸில் போய் இறங்கிவிடும் தூரத்தில் இருக்கும் குளத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எங்கள் கோவையில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம் என்று நொய்யலை நம்பிய குளங்கள் வரிசையாக இருக்கின்றன. பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் இப்போது நடைபாதை, விளக்கு எல்லாம் வந்து சாயங்காலம் கூட்டம் நிற்கிறது. நல்லதுதான். ஆனால் எனக்குப் பிடித்தது சிங்காநல்லூர். 2017இல் மாநகராட்சி அதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. அலங்காரம் குறைவு, பறவை அதிகம்.

ஏழாவது படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு விடியலிலேயே போய்விடுவேன். போன மாதம் மஞ்சள் மூக்கு நாரை ஒன்று கரைக்கு மிக அருகில் இரை தேடிக்கொண்டிருந்தது. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, தலையை இடமும் வலமுமாக வீசியபடி நடக்கிறது. ஒரு காலால் சேற்றைக் கிளறுகிறது. மீன் கலைந்து அலகில் பட்டதும் டக்கென்று மூடிக்கொள்கிறது. கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை, அலகில் பட்டால் போதும். "அப்பா, கலங்கின தண்ணியிலயும் இதுக்குச் சாப்பாடு கிடைச்சிடும்ல?" என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். வீட்டு மொட்டை மாடியில் நின்றும் எண்ணலாம். ஆனால் குளத்தங்கரையில் நின்று எண்ணிப் பாருங்கள், 15 நிமிடம் போதாது.

உங்கள் ஊரில் எப்படி? எழுதுங்கள்.

ஏற்காட்டடிவாரம் (சேலம்)

எங்களுக்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரி. 2010 வாக்கில் ஊர்மக்கள் கூடித் தூர்வாரி, அள்ளிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இப்போது அந்தத் திட்டுகள்தான் பறவைகளுக்கு வீடு. கரையில் நின்றால் பின்னால் சேர்வராயன் மலை தெரியும். பாம்புத்தாரா முங்கிவிட்டு வந்து குச்சியில் உட்கார்ந்து, இரண்டு சிறகையும் விரித்துக் காயவைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஆபீஸ் ஞாபகமே வராது.

கம்மாக்கரை (சிவகங்கை மாவட்டம்)

பறவையைப் பற்றி எல்லாரும் எழுதுவீர்கள். நான் மீன்பிடித் திருவிழாவைப் பற்றிச் சொல்கிறேன். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் ஆட்களுக்குத் தெரியும்.

அறுவடை முடிந்து, கண்மாயில் தண்ணீர் வற்றி முழங்காலுக்கும் இடுப்புக்கும் நிற்கும் கோடையில் இது நடக்கும். ஊர்ப் பெரியவர்கள் நாள் குறித்துச் சுற்றுப்பட்டு ஊர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு விடிவதற்குள் கரை முழுக்க ஆட்கள். வேனில் வந்தவர்கள், டூவீலரில் மூன்று பேராக வந்தவர்கள், கையில் கொசுவலை வைத்திருக்கும் பொடியன்கள். யாரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். கரையிலிருக்கும் சாமிக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பெரியவர் வெள்ளைத் துண்டை எடுத்து வீசுவார். அவ்வளவுதான், ஒரே நேரத்தில் மொத்தக் கூட்டமும் உள்ளே இறங்கும். அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் ஊத்தாதான். மூங்கில் சிம்பில் பின்னியது. கீழே வாய் அகலம், மேலே கை நுழையும் அளவுக்குக் குறுகல், இரண்டு பக்கமும் திறப்பு. கலங்கிய தண்ணீரில் நடந்துகொண்டே சேற்றில் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். உள்ளே மீன் மாட்டினால் சிம்பில் முட்டும். அந்த முட்டல் உள்ளங்கைக்கு வந்து சேரும். உடனே ஊத்தாவை நெஞ்சால் அழுத்திக்கொண்டு மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். முட்டுகிற விதத்தை வைத்தே விராலா கெண்டையா என்று என் சித்தப்பா சொல்லிவிடுவார். கெளுத்தி என்றால் கவனம். தலைக்குப் பக்கத்தில் இரண்டு புறமும் முள் இருக்கும், குத்தினால் கை கடுத்துப்போகும். அந்த முள்ளுக்குப் பின்னால் விரலைக் கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும். விராலைச் செவுளில் பிடிக்காவிட்டால் நழுவிவிடும்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், அன்றைக்கு யார் எந்த ஊர், என்ன ஆள் என்று யாரும் கேட்பதில்லை. ஊத்தாவுக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் காசு வாங்கும் ஊர் உண்டு, ஒரு பைசா வாங்காத ஊரும் உண்டு. கிடைத்ததை விற்கமாட்டார்கள். போன தடவை என் பக்கத்தில் நின்ற ஒரு ஆயாவுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. கரையேறும்போது யார் யாரோ ஆளுக்கு ஒரு மீனை ஆயாவின் கூடையில் போட்டுவிட்டுப் போனார்கள். வீட்டுக்குப் போகும்போது என்னிடம் இருந்ததைவிட ஆயாவிடம்தான் அதிகம்.

அன்று சாயங்காலம் ஊருக்குள் நடந்தால் எல்லா வீட்டிலும் மீன்குழம்பு வாசம். இந்த விழா நடந்தால் அடுத்த வருஷம் மழை நன்றாகப் பெய்யும் என்று எங்கள் ஊரில் நம்புகிறார்கள், நானும் நம்புகிறேன்.

பாப்பா அம்மா (சென்னை)

கம்மாக்கரை அண்ணே, படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. எங்களுக்கு இங்கே சேத்துப்பட்டு ஏரிதான். 2016இல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். படகு இருக்கிறது, கட்டணம் கட்டித் தூண்டில் போடவும் இடம் இருக்கிறது. பின்னால் ரயில் போய்க்கொண்டே இருக்கும், முன்னால் தக்கை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு சந்தேகம்: வற்றின தண்ணீர் மீனில் சேற்று வாடை வருமே, என்ன செய்வீர்கள்?

கம்மாக்கரை (சிவகங்கை மாவட்டம்)

கல்லுப்பு, மஞ்சள் போட்டு நன்றாகத் தேய்த்து அலசுங்கள் தங்கச்சி, கடைசியில் புளித்தண்ணீர் அல்லது மோர் ஊற்றி ஒரு அலசல். கெளுத்தியைச் சாம்பல் போட்டுக் கல்லில் உரசி எடுக்க வேண்டும். அயிரையை உயிரோடு கொஞ்ச நேரம் பாலில் விட்டால் வயிற்றிலிருக்கும் மண்ணைக் கக்கிவிடும்.

படித்துறை (கும்பகோணம் பக்கம்)

நான் நீச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பையன்கள் எல்லாரும் குளத்தில் நீந்தக் கற்றுக்கொண்டார்கள். பெண்பிள்ளைகளைப் பத்து, பன்னிரண்டு வயதோடு நிறுத்திவிட்டார்கள். என்னையும் நிறுத்தினார்கள், ஆனால் அதற்குள் என் தாத்தா கற்றுக்கொடுத்துவிட்டார். இப்போது என் மகளுக்கும் அக்கா பெண்களுக்கும் நானே கற்றுக்கொடுக்கிறேன். சுடிதாரோடுதான் இறங்குகிறார்கள். முதலில் சிலர் ஒருமாதிரி பார்த்தார்கள். அப்புறம் அவர்களே தங்கள் பேத்திகளை அனுப்ப ஆரம்பித்தார்கள்.

தாத்தா காலத்தில் சுரைக்குடுக்கை, வாழைத்தண்டு. இப்போது மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் இரண்டை முதுகுப் பக்கம் கயிற்றால் கட்டிவிடுகிறோம். மேலிருந்து இரண்டாவது படியைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்துப் பழக வேண்டும். பயம் போகும்வரை அதற்குமேல் கிடையாது. என் மகள் படியிலிருந்து கையை எடுத்த அன்று, தான் மிதப்பதே அவளுக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை. "அம்மா, படி எங்கே?" என்று கேட்டாள்.

தயவுசெய்து ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாத ஏரியில், குளத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள். கோடையில் பொக்லைன் வைத்து மண் எடுத்த இடங்களில் ஆளுயரத்துக்கு மேல் குழி இருக்கும். மழை பெய்து நிரம்பிவிட்டால் மேலே தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும் பிள்ளை அடுத்த எட்டில் காணாமல் போய்விடும். ஆடு மேய்ப்பவர்களைக் கேளுங்கள், எந்த ஏரியில் எங்கே பள்ளம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். மடை திறந்திருக்கும்போது அந்தப் பக்கமே போகக் கூடாது, இழுத்துவிடும். கலிங்கில் தண்ணீர் வழிவதைப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்தக் கல் முழுக்கப் பாசி. செல்பி எடுக்கும் இடம் அதுவல்ல. எங்கள் பக்கத்து ஊரில் இப்படி ஒரு பையனைப் பறிகொடுத்திருக்கிறோம். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

வைகைக்காரி (மதுரை)

படித்துறை அக்கா சொன்னது ஒவ்வொன்றும் சத்தியம்.

எங்கள் தெப்பக்குளம் 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது. என் சின்ன வயதில் அது கிரிக்கெட் மைதானம். உள்ளே தண்ணீர் இருக்காது, தைப்பூசத்துக்குத் தெப்பம் நிலையாக நிற்கும். இப்போது பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து, தெப்பத்தை வடம் பிடித்துச் சுற்றி இழுக்கிறார்கள். அப்பா இதைப் பார்க்கச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி வந்தார். மைய மண்டபத்தின் நிழல் தண்ணீரில் விழுவதைக் காட்டி, "இது இப்படித்தான் இருக்கணும்" என்றார். கிரிக்கெட் ஆடிய பையன்களுக்கு வேறு மைதானம் கிடைக்கட்டும், குளத்துக்குத் தண்ணீர்தான் வேண்டும்.

நாங்குநேரிச் சீமை (நெல்லை)

கூந்தன்குளத்தை யாரும் சொல்லாமல் விட்டால் எப்படி? 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள், உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டதாக 2022இல் அறிவிப்பு வந்தது. ஆனால் இந்த அறிவிப்பெல்லாம் வருவதற்கு எவ்வளவோ முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். குளத்துக்குள் இருக்கும் மரங்கள் போதாமல், வீட்டுக் கொல்லைப்புற மரங்களிலும் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். தீபாவளிக்கு வெடி கிடையாது. பறவை எச்சம் கலந்த வண்டலை வயலுக்கு அள்ளிப் போடுவார்கள்.

ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு நின்றேன். அந்த வீட்டு அம்மா சொம்பைக் கொடுத்துவிட்டு, "அந்த மரத்துக்குக் கீழ நிக்காதீங்கய்யா, சட்டை போயிரும்" என்றார். அண்ணாந்து பார்த்தால் மரம் முழுக்கக் கூடு. நாற்றம் அடிக்கவில்லையா என்று கேட்டேன். "பிள்ளை பெத்த வீடு அப்படித்தான இருக்கும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நொய்யல்கரை (கோவை)

நெல்லை சார், மகளோடு கூந்தன்குளம் வரலாம் என்றிருக்கிறோம். எந்த மாதம் நல்லது?

நாங்குநேரிச் சீமை (நெல்லை)

டிசம்பரில் பறவைகள் வரத் தொடங்கும். ஜனவரி, பிப்ரவரியில் வந்தால் மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தையும் பார்க்கலாம். பரீட்சை லீவில்தான் முடியும் என்றால் அதுவும் பரவாயில்லை, குஞ்சுகள் வளர்ந்து சிறகடித்துப் பழகும் நேரம் அது. மழை பொய்த்த வருஷம் என்றால் மட்டும் யாரையாவது விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள், குளத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் பறவைகள் வேறு குளம் தேடிப் போய்விடும். மூலைக்கரைப்பட்டி வழியாக வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் வந்துவிட வேண்டும். குடிக்கத் தண்ணீரும் பாப்பாவுக்குத் தொப்பியும் கொண்டுவாருங்கள்.