மத்தியானத்தில் தானாக அலறுகிறது, மாடிக்கதவைத் திறந்தால் சத்தமே இல்லை: வயர்லெஸ் அலாரம், கடலூர்

மஞ்சக்குப்பம்வாசி:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பூட்டிக்கிடக்கும் வீடு. தரைத்தளமும் ஒரு மாடியும், இரண்டுக்கும் கான்கிரீட் தளம். 433 மெகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் அலாரம் செட் மாட்டியிருக்கிறது. பேனலில் 2ஜி சிம் (ஏர்டெல்), 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர், உள்ளே 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரி, ஒயரில் ஒரு சின்ன சைரன். டோர் சென்சார் மூன்று: முன்வாசல், கொல்லைப்பக்கம், மொட்டைமாடி இரும்புக் கதவு. ஹாலின் மேற்குச் சுவரில் ஒரு மோஷன் சென்சார், எதிரே கிழக்கு ஜன்னலைப் பார்த்தபடி. பேனல் ஹாலில் பீரோ மேல், ரூட்டர் பக்கத்தில் இருக்கிறது.

1. மத்தியானம் ஒன்றரைக்கும் மூன்றுக்கும் இடையில் ஹால் சென்சார் அலறுகிறது. தினமும் இல்லை. அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இல்லை, ஃபேன் ஓடவில்லை. ஜன்னலுக்குத் திரை உண்டு, மேலே வென்டிலேட்டர் திறந்தே இருக்கும்.

2. மொட்டைமாடிக் கதவை மூன்று தடவை திறந்தால் ஒரு தடவை பேனலுக்குத் தெரிவதில்லை. சென்சாரில் சிவப்பு லைட் எரிகிறது.

3. கரண்ட் இல்லாதபோது அலாரம் அடித்தால் சைரன் சில விநாடி கத்திவிட்டு நின்றுபோகிறது, பேனல் பீப் போட்டு முதலிலிருந்து ஸ்டார்ட் ஆகிறது. போன் வருவதில்லை. கரண்ட் இருக்கும்போது எல்லாம் ஒழுங்கு.

மாட்டிய கடையில் பெரிய செட்டுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறத்தான் வேண்டுமா?

உப்புக்காற்று:

வேண்டாங்க. மூன்றும் தனித்தனிப் பிரச்சினை, ஒன்றுக்கும் புது செட் தேவையில்லை. நான் ஹால் சென்சாரை மட்டும் சொல்கிறேன், மற்றதை இங்கே தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

ஒன்றரை மணி என்று எழுதினீர்களே, அதுதான் துப்பு. நம் கரையில் கடல்காற்று உள்ளே ஏறுகிற நேரம் அது. காலையிலிருந்து தளம் காய்ந்து பூட்டிய ஹால் வெந்துகிடக்கும்போது, கிழக்கு வென்டிலேட்டர் வழியாகக் குளிர்ந்த காற்று இறங்கும், சூடேறிய திரை ஆடும். உங்கள் மோஷன் சென்சார் பி.ஐ.ஆர் ரகம், வெப்பம் நகர்வதைப் பார்ப்பது. அதன் லென்ஸ் அறையைப் பல பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு வெப்ப வித்தியாசம் நகர்ந்தால் அதற்கு ஆள் வந்த மாதிரிதான். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பலமாக வீசும் நாளில் கடல்காற்று தாமதமாக வரும், அல்லது வராது. தினமும் அலறாததற்கு அதுவே காரணமாக இருக்கும்.

முதலில் வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்துப் பாருங்கள். அலறல் நின்றால் சந்தேகம் தீர்ந்தது. பிறகு சென்சாரை ஜன்னல் இருக்கும் அதே கிழக்குச் சுவரின் மூலைக்கு மாற்றுங்கள், முதுகு ஜன்னல் பக்கம் இருக்க வேண்டும். தரையிலிருந்து 2.1 முதல் 2.2 மீட்டர் உயரம். உள்ளே வருகிறவன் சென்சாரை நோக்கி நடந்து வராமல் அதன் பார்வைக்குக் குறுக்கே கடக்கிற மாதிரி கோணம் வையுங்கள், குறுக்கு நடையைத்தான் அது சட்டென்று பிடிக்கும். உள்ளே பல்ஸ் ஜம்பர் (எத்தனை துடிப்புக்குப் பிறகு அலற வேண்டும் என்று வைக்கும் சின்னச் செருகி) இருந்தால் 1-லிருந்து 2-க்கு மாற்றலாம். அதற்கு மேல் மந்தமாக்க வேண்டாம். மே மாதம் பூட்டிய ஹால் 35, 36 டிகிரி தொடும். ஆளின் தோல் சூடும் கிட்டத்தட்ட அதேதான், அதனால் பிடிக்கும் தூரம் வெகுவாகக் குறைந்துவிடும். காலை ஆறு மணிக்கு நடந்து பார்த்து ‘நல்லாப் பிடிக்குது’ என்று விட்டுவிடாதீர்கள், மத்தியானம் இரண்டு மணிக்கு நடந்து பாருங்கள்.

சோதிக்கும்போது இன்னொன்று. பேட்டரியை மிச்சப்படுத்த இந்த வகை சென்சார் ஒரு தடவை அனுப்பியபின் சில நிமிடம் தூங்கிவிடும். உள்ளே டெஸ்ட் ஜம்பர் இருந்தால் அதில் போட்டு நடங்கள், முடிந்ததும் பழையபடி மாற்றுங்கள். டெஸ்டிலேயே விட்டால் பேட்டரி சீக்கிரம் காலி.

பின்பக்க ஓட்டைகளை சிலிக்கானால் அடைத்துவிடுங்கள். சிற்றெறும்பு கூடு கட்டும். லென்ஸ் மேல் பல்லி ஊர்ந்தாலும் அலறும், அதற்கு முழு மருந்து கிடையாது. டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் மாட்டாமல் இருப்பதுதான் ஓரளவு தடுக்கும்.

வில்லியனூர் வயர்மேன்:

மாடிக்கதவுக்கு வருகிறேன். டோர் சென்சாரில் இரண்டு துண்டு இருக்கும், பேட்டரி உள்ள பெரியது, காந்தம் மட்டும் உள்ள சின்னது. பெரிய துண்டு இரும்புக் கதவிலேயே ஒட்டியிருக்கிறதா? அப்படியென்றால் அதன் குட்டி ஆன்டெனா இரும்போடு ஒட்டிக்கொண்டு பாதி சக்தியை இழக்கிறது. மிச்சத்தை இரண்டு கான்கிரீட் தளம் தின்னும், கம்பி பின்னிய தளம் வேறு. கீழே பீரோத் தகரமும் ரூட்டரும் காத்திருக்கின்றன.

பெரிய துண்டை நிலைக்குப் பக்கத்துச் சுவரில், செங்கல் மேல், ரால் பிளக் போட்டு ஸ்க்ரூவால் பிடியுங்கள். காந்தத்தைக் கதவில் வையுங்கள், ஆனால் நேராக இரும்பில் வேண்டாம். இரும்பு காந்தத்தின் இழுப்பை உறிஞ்சிக்கொள்ளும். நடுவில் 10 மி.மீ. மரத்துண்டோ அக்ரிலிக் துண்டோ கொடுங்கள். கதவு மூடியிருக்கும்போது இரண்டு துண்டுக்கும் இடைவெளி 10 மி.மீட்டருக்குள் இருந்தால் நல்லது. டபுள் சைடு டேப்பை நம்பாதீர்கள், மொட்டைமாடி வெயிலில் பசை இளகி விழுந்துவிடும். ஸ்க்ரூ எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஆக இருக்கட்டும், சாதா ஸ்க்ரூ நம் ஊர் உப்புக்காற்றில் துருவாகிவிடும்.

பேனலை மாடிப்படி பாதித்தளத்துச் சுவருக்கு ஏற்றுங்கள், முன்வாசலிலிருந்து கண்ணில் படாத பக்கமாக. ரூட்டரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி. ஆன்டெனா ஒயராக இருந்தால் மடக்காமல், சுருட்டாமல் நேராகத் தொங்கட்டும். 433-க்குக் கால் அலை நீளம் 17.3 செ.மீ., அழகுக்காக யாராவது நறுக்கியிருந்தால் அதே நீளத்துக்கு ஒயர் மாற்றிப் பற்றவைக்கலாம். சிம் ஆன்டெனாவையும் இதையும் சேர்த்துக் கட்டிவைக்காதீர்கள். 2ஜி பேசும்போது வெளியாகும் சக்தியில் பக்கத்து ரிசீவர் செவிடாகும். முதல் அலாரத்துக்கு போன் போய்க்கொண்டிருக்கும்போது இரண்டாவது கதவு திறப்பது பதிவாகாமல் போவது இதனால்தான்.

டோர் சென்சாரின் பேட்டரி பெரும்பாலும் 12 வோல்ட் 23ஏ. சும்மா அளந்தால் செத்த பேட்டரியும் 12-ஐ ஒட்டிக் காட்டும். சிவப்பு லைட் எரியும் அந்தக் கணத்தில் அளவு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். 10-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். லைட் எரிகிறது என்பதற்கும் சிக்னல் போகிறது என்பதற்கும் சம்பந்தமில்லை.

எல்லாம் முடித்ததும் பத்துத் தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து விநாடி விட்டு, கதவைத் திறந்து மூடுங்கள். பத்துக்கு ஒன்பது வந்தால்கூட இடம் மாற்றுங்கள். இந்த சென்சார்கள் சொல்லிவிட்டுப் போகிற ரகம். பேனல் கேட்டதா இல்லையா என்று அவற்றுக்குத் தெரியாது.

முத்தியால்பேட்டை முருங்கை:

இதற்கெல்லாம் இவ்வளவு பாடா? ஹாலில் டூயல் டெக் சென்சார் போட்டால் முடிந்தது. எங்கள் வீட்டிலும் இதே மாதிரி செட் ஒன்று வாங்கப்போகிறோம். ஜியோ சிம் போடலாமா?

உப்புக்காற்று:

டூயல் டெக்கில் பி.ஐ.ஆரோடு மைக்ரோவேவும் சேர்ந்து சொன்னால்தான் அலறும், அது வரை சரி. ஆனால் மைக்ரோவேவ் கண்ணாடியையும் மெல்லிய சுவரையும் தாண்டும். தெரு ஒட்டிய வீட்டில் வெளியே போகிற ஆளையும் அது ‘பார்த்து’விடும், உள்ளே திரை சூடாக ஆடினால் இரண்டும் ஒத்துக்கொண்டுவிடும். தவறான இடத்தில் மாட்டிய சென்சாருக்கு விலை உயர்ந்த சென்சார் மருந்தாகாது.

2ஜி பேனலில் ஜியோ சிம் வேலை செய்யாது, ஜியோவில் 2ஜியே இல்லை. வாங்குவதாக இருந்தால் 4ஜி என்று தெளிவாகப் போட்ட பேனல் வாங்குங்கள். எந்த சிம்மாக இருந்தாலும் முதலில் போனில் போட்டு சிம்மின் PIN லாக்கை எடுத்துவிடுங்கள். ரீசார்ஜ் முடியும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். ஆன்லைனில் வெளிநாட்டு செட் பார்த்தால் 915 மெகாஹெர்ட்ஸ் ரகத்தைத் தொடாதீர்கள், அதற்கு இங்கே லைசென்ஸ் இல்லாமல் அனுமதி கிடையாது, 433-க்கும் 865 பகுதிக்கும் உண்டு.

பழைய மாடலில் சென்சார் எண்ணை ஜம்பரால் வைப்பார்கள். பக்கத்து வீட்டிலும் அதே செட், அதே ஃபேக்டரி ஜம்பர் என்றால் அவர்கள் கதவு திறந்தால் உங்கள் சைரன் கத்தும். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி எண் பதிந்து வரும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

மஞ்சக்குப்பம்வாசி:

அளந்துவிட்டேன். வென்டிலேட்டரை அடைத்தபின் ஹால் சென்சார் அலறவில்லை. மாடிக்கதவில் பெரிய துண்டு இரும்பில்தான் இருக்கிறது. பேட்டரி சும்மா 11.9, லைட் எரியும்போது 8.7. பேனல் பேட்டரி சும்மா 8.1. அடாப்டரைப் பிடுங்கிவிட்டு அலாரம் அடிக்கவிட்டால் சைரனும் போனும் சேரும் நேரத்தில் 5.8-க்கு விழுந்து பேனல் அணைகிறது.

சைரன் சித்தப்பா:

அந்த 5.8-தான் மூன்றாவது கேள்விக்குப் பதில். பேட்டரி போய்விட்டது தம்பி. 2ஜி மாட்யூல் டவரோடு பேசும் ஒவ்வொரு துடிப்பிலும் 2 ஆம்பியர் வரை இழுக்கும், ஒவ்வொன்றும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான், ஆனால் இழுக்கும். அதே பேட்டரியில் சைரனும் ஓடுகிறது. புது பேட்டரி தாங்கும். நாள் முழுக்க முழு சார்ஜில், நம் ஊர் சூட்டில், இரண்டு மூன்று வருஷம் கிடந்த பேட்டரி உள்ளே எதிர்ப்பு ஏறிப்போய் வோல்ட்டைக் கீழே போட்டுவிடும். மாட்யூல் அணைந்து பேனல் மறுபடி கிளம்பும். கரண்ட் இருக்கும்போது அடாப்டர் பாரம் சுமப்பதால் இது தெரியவே தெரியாது.

அதே 7.4 வோல்ட், அதே கனெக்டர், பாதுகாப்பு சர்க்யூட் உள்ள பேக்காக மாற்று. பிளஸ் மைனஸ் ஒயர் நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்துப் பார், கனெக்டர் ஒன்றாக இருந்தும் திசை மாறி வருவது உண்டு. பழையது உப்பியிருந்தால் குத்தாதே, குப்பையில் போடாதே, பழைய எலக்ட்ரானிக்ஸ் எடுப்பவரிடம் கொடு.

யாராவது ‘பைக் பேட்டரி ஒன்றைச் சேர்த்துவிடு’ என்பார்கள். கேட்காதே. இந்த பேனலின் சார்ஜர் லித்தியத்துக்கு வைத்தது, 12 வோல்ட் ஆசிட் பேட்டரி அதில் சார்ஜே ஆகாது. நீண்ட நேரம் தாங்க வேண்டுமென்றால் ரூட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை அடாப்டருக்கும் பேனலுக்கும் நடுவில் போடு. அதில் ஒரு சங்கடம், கரண்ட் போனது பேனலுக்குத் தெரியாது, ‘பவர் கட்’ என்கிற எஸ்எம்எஸ் வராது. பூட்டிய வீட்டில் அந்த எஸ்எம்எஸ் முக்கியம். மெயின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வருகிறவனைச் சொல்லும் ஒரே குரல் அது. நானாக இருந்தால் புது பேட்டரி மட்டும் போட்டு, சைரனைத் தனி பேட்டரி உள்ள வயர்லெஸ் சைரனாக மாற்றுவேன். பாரம் பிரிந்துவிடும், பேனலை யாராவது உடைத்தாலும் சைரன் கொஞ்ச நேரம் கத்தும்.

மாற்றியபின் அடாப்டரைப் பிடுங்கி நான்கு மணி நேரம் விட்டு, அதற்குப் பிறகு அலாரம் அடிக்க வை. பிடுங்கிய உடனே சோதித்தால் தளர்ந்த பேட்டரிகூட சில சமயம் பாஸாகிவிடும். தானே (டிசம்பர் 30, 2011), ஃபெஞ்சல் (நவம்பர் 30, 2024) மாதிரி புயல் வந்தால் எந்த பேட்டரியும் போதாது, கரண்டோடு டவரும் போகும். அந்தக் காலத்துக்குச் சாவியும் போன் நம்பரும் பக்கத்து வீட்டில் இருக்கட்டும், போலீஸ் ஸ்டேஷனிலும் பூட்டிய வீடு என்று சொல்லி வை.

போனில் பேனலின் நம்பரைச் சேமித்து, சைலன்ட்டில் இருந்தாலும் மணி அடிக்கும்படி வை. பேனலில் முதல் நம்பர் உன்னுடையது, இரண்டாவது நடந்து வரும் தூரத்தில் இருக்கும் ஆளுடையது.

வில்லியனூர் வயர்மேன்:

சோன் (ஒவ்வொரு சென்சாருக்கும் பேனலில் ஒதுக்கும் எண்) வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், முத்தியால்பேட்டைக்காரருக்கும் ஆகும். சென்சாரைச் சுவரில் அடிப்பதற்கு முன் மேஜையில் வைத்தே பேனலில் பதிந்துவிடுங்கள். பதியும் பட்டனை அழுத்தி, காந்தத்தைப் பிரித்தால் பீப் வரும். சோன் எண்ணை மூடியின் உள்பக்கம் எழுதி, பேட்டரி போட்ட மாதத்தையும் எழுதுங்கள். முன்வாசல் மட்டும் தாமத சோன், உள்ளே வர 30 விநாடி, வெளியே போக 45. கொல்லைக் கதவும் மாடிக் கதவும் உடனடி. ராத்திரி ஆள் தூங்கும்போது ‘ஹோம்’ முறையில் ஹால் சென்சார் தானாக விலகும்படி அந்த சோனை அமைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் குடிக்க எழுந்தவர் ஊரை எழுப்புவார். அவசர பட்டன் இருந்தால் அது 24 மணி நேர சோன், அலாரத்தை அணைத்து வைத்திருந்தாலும் வேலை செய்யும்.

ஐப்பசி, கார்த்திகையில் மரக்கதவு உப்பி நிலையோடு தேயும், இடைவெளி மாறும். அந்த மாதத்தில் ஒருமுறை முன்வாசல் காந்தத்தைச் சரிபாருங்கள். மூடியைத் திறக்கும்போது பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தால் சுரண்டி, மெல்லிசாக வாசலின் தடவுங்கள்.

மஞ்சக்குப்பம்வாசி:

நன்றி. சென்சார் தானாகச் செத்துப்போனால் பேனல் சொல்லுமா?

வில்லியனூர் வயர்மேன்:

உங்களிடம் இருப்பது சொல்லாது. பேட்டரி இறங்கும்போது சில மாடல் ஒருமுறை எஸ்எம்எஸ் அனுப்பும், அது தவறினால் அவ்வளவுதான். செத்த சென்சாரும் மூடிய கதவும் அந்த பேனலுக்கு ஒன்றே. ‘நான் இருக்கிறேன்’ என்று குறிப்பிட்ட இடைவெளியில் சிக்னல் அனுப்பும் இருவழி செட்டுகள் உண்டு, விலை பல மடங்கு. பெரிய செட்டுக்குக் காசு கொடுப்பதாக இருந்தால் இந்த ஒன்றுக்காகக் கொடுக்கலாம், கடையில் அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் மாதம் ஒருமுறை யாரையாவது அனுப்பி மூன்று கதவையும் திறக்கச் சொல்லி, ஹாலில் நடக்கச் சொல்லி, நான்கு எஸ்எம்எஸும் வருகிறதா என்று பாருங்கள். 23ஏ பேட்டரியை வருஷத்துக்கு ஒருமுறை, நல்லாயிருந்தாலும், எல்லாவற்றிலும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.