பொருள்: மிகைப்பதிவு, பயனிலாப் பதிவு: இரண்டு சொற்கள் வேண்டும்

வணக்கம். லினக்ஸ் கணினி தன் மென்பொருள்களை எங்கிருந்து பெறுவது என்று குறித்துவைக்கும் கோப்பில் வேண்டாத பதிவுகள் சேர்ந்துவிடுகின்றன. நம் கையேட்டில் அவற்றை எப்படி அழைப்பது என்பதே பேச்சு.

> நிறுவல் மென்பொருள் எழுதிவைக்கும் வேண்டாத வரிகள் எல்லாவற்றையும் 'இரட்டைப்பதிவு' என்று சொல்லிவிடலாமே?

தம்பி, இதற்கு நான் உடன்படவில்லை. கொழும்பில் உயர்தரத்தில் வர்த்தகம் படித்த எவருக்கும் இரட்டைப்பதிவு என்றதும் கணக்கீடுதான் நினைவுக்கு வரும். அங்கே இரண்டு பதிவும் கட்டாயம் இருக்க வேண்டும். இங்கே ஒன்றை நீக்கச் சொல்கிறோம். 'வரி'யும் வேண்டாம். 'வரி நீக்கம்' என்று தலைப்பிட்டால் இறைவரித் திணைக்களச் செய்தி என்றே நினைப்பார்கள்.

சொல்லைத் தேடுமுன் கோப்பைப் பார்ப்போம். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அந்தக் கோப்பான சோர்சஸ்.லிஸ்டைத் திறந்தால், பல இயந்திரங்களில் மேலேயே 'டெப் சிடிரொம்' என்று ஒரு பதிவு நிற்கும். இறுவட்டிலிருந்து நிறுவி முடித்ததோடு அதன் வேலை தீர்ந்தது. முன்னால் # இருந்தால் கணினி அதைப் படிக்காது, சும்மா கிடக்கும். இல்லாவிட்டால், பொதி (மென்பொருள் தொகுப்பு) ஒன்றை நிறுவப் போகும்போது இறுவட்டைப் போடச் சொல்லி, பொதிகளை நிறுவும் கருவியான ஏப்ட் மறித்து நிற்கும்.

அடுத்தது வேறு வகை. டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுவின் 24.04 பதிப்பு தன் களஞ்சியங்களை, அதாவது பொதிகள் இருக்கும் இணைய இடங்களை, உபுண்டு.சோர்சஸ் என்ற தனிக் கோப்பில் எழுதுகிறது. பழைய வழிகாட்டி ஒன்றைப் பார்த்து அதே முகவரியைச் சோர்சஸ்.லிஸ்டிலும் சேர்த்தவருக்கு, புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் 'பலமுறை அமைக்கப்பட்டுள்ளது' என்ற எச்சரிக்கை வரிசையாக வந்து விழும்.

நன்னூல் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' ஒன்று, 'நின்று பயன் இன்மை' இன்னொன்று. நம் முன்னோர் பிரித்து வைத்ததை நாம் ஏன் ஒரே சொல்லில் போட்டுக் குழப்ப வேண்டும்? சொன்னதையே திரும்பச் சொல்லும் பதிவை மிகைப்பதிவு என்போம். அதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுக்க வேண்டும். நின்றும் பயன்படாததைப் பயனிலாப் பதிவு என்போம். அதை முழுவதுமாக எடுத்துவிடலாம். 'மீள்பதிவு' என்ற யோசனையும் வந்தது. இலங்கையில் அது வாகனத்தையோ சங்கத்தையோ மறுபடி பதிவதைக் குறிக்கும் என்பதால் தவிர்த்தேன்.

முகவரி ஒன்றாக இருந்தால் மட்டும் மிகைப்பதிவு ஆகிவிடாது. பழைய உபுண்டுவில் மெயின், யூனிவர்ஸ், மல்டிவர்ஸ் என்ற களஞ்சியப் பகுதிகள் மூன்றும் இலங்கைக்கான எல்கே.ஆர்கைவ் முகவரியோடு தனித்தனியாக நிற்கும். பகுதி வேறு என்பதால் அவற்றை ஒரே பதிவாகச் சேர்க்கலாம். ஒன்றைக்கூட நீக்கக் கூடாது. மூலநிரல் கிடைக்கும் இடத்தைக் காட்டும், # இட்ட டெப்-எஸ்ஆர்சி பதிவும் பயனிலாதது அன்று. மூலநிரலை எடுத்துத் தொகுப்பவர் நாளை அந்த # குறியை நீக்கிப் பயன்படுத்துவார்.

இதனாலேயே சோர்சஸ்.லிஸ்ட் என்ற கோப்பின் பெயரைத் தமிழாக்கும்போதும் 'மூலம்' வேண்டாம் என்கிறேன். மூலநிரலும் மூலம், பொதி வரும் இடமும் மூலம் என்றால் வெள்ளவத்தை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் தடுமாறுவார்கள். 'களஞ்சியப் பட்டியல்' என்றால் தெளிவாக இருக்கும்.

டெபியன் 13இல் உள்ள ஏப்ட் 3.0, பழைய பட்டியலை உபுண்டு.சோர்சஸ் போன்ற புதிய வடிவத்துக்கு மாற்றும் கட்டளையோடு வருகிறது. கையேட்டில் அந்தப் பகுதியை இந்த மூன்று சொற்களையும் வைத்துத் திருத்தி எழுதுகிறேன். மறுப்பு இருந்தால், எந்த வாக்கியத்தில் சொல் இடறுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.